மூக்கணாங்கயிறு: அறிவியல் புனைவுத் தொடர்களில் மருந்து தின்னும் சிப்பாய்கள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

விண்வெளித் தொடர் பார்க்கிறவர்கள் கூடினால் ஒருமுறையாவது இந்தப் பேச்சு வரும். "அந்த ஜெம்ஹடார் கழுத்தில் ஒரு டியூப் இருக்கிறதே, அது என்ன?" "அந்த விமானிகள் என்ன மாத்திரை விழுங்குகிறார்கள்?" ஒவ்வொரு முறையும் ஆதியிலிருந்து சொல்வதற்குப் பதிலாக ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கதை முடிவுகளை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் கடைசிக் கேள்வியை மட்டும் படித்துவிட்டு, பார்த்து முடித்தபின் திரும்பி வாருங்கள்.

எந்தத் தொடரிலிருந்து ஆரம்பிக்கலாம்?

ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன். 1993 முதல் 1999 வரை ஏழு சீசன் ஓடியது. வேறு தொடர்களில் ஊக்கமருந்து ஓர் எபிசோடுக்கு வந்து போகும். இதில் ஒரு சாம்ராஜ்யத்தின் ராணுவமே அதன்மேல்தான் நிற்கிறது.

டொமினியன் என்ற சாம்ராஜ்யத்தின் சிப்பாய்கள் ஜெம்ஹடார். மரபணுவில் கைவைத்துத் தயாரிக்கப்பட்டவர்கள். பிறந்த மூன்றே நாளில் முழு ஆளாகிவிடுவார்கள். சாப்பாடு கிடையாது, தூக்கம் கிடையாது, பெண்களும் கிடையாது. பதினைந்து வயதைத் தாண்டுகிறவன் அபூர்வம், இருபது வயதைத் தொட்டவன் மதிப்புக்குரிய பெரியவர். அவர்களுக்கு மேலே நிர்வாகிகளாக வோர்ட்டா என்ற இனம். எல்லாருக்கும் மேலே, தெய்வமாகக் கும்பிடப்படும் ஃபவுண்டர்கள். ஜெம்ஹடாருக்குத் தேவையான ஒரே பொருள் கெட்ரசெல் ஒயிட் என்ற வெள்ளைத் திரவம். பேச்சுவழக்கில் வெறும் 'ஒயிட்'.

ஒயிட் குடித்தால் பலம் கூடுமா?

கூடாது. பெரும்பாலானவர்கள் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான்.

ஜெம்ஹடாரின் பலம் பிறவியிலேயே வந்தது. அவர்களுடைய உடம்பு வேலை செய்ய ஒரு நொதி வேண்டும். அந்த நொதியை அவர்கள் உடம்பே சுரக்காதபடி வேண்டுமென்றே வடிவமைத்திருக்கிறார்கள். அது ஒயிட்டில்தான் கிடைக்கும். அதாவது முதலில் ஒரு குறையை உண்டாக்கி, பிறகு அந்தக் குறைக்கு மருந்து தருகிறார்கள். ஊக்கமருந்து என்ற பட்டியலில் இது தவறிப்போய்ச் சேர்ந்துவிட்டது என்பேன். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்டால் மாட்டின் பலம் கூடுவதில்லை, கயிறு பிடித்தவன் சொன்ன பக்கம் திரும்பும், அவ்வளவுதான். இந்த வகைத் தொடர் எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது மருந்து என்ன செய்கிறது என்பதை அல்ல, மருந்துப் பெட்டி யார் கையில் இருக்கிறது என்பதை.

அந்த விநியோகச் சடங்கு எப்படி நடக்கும்?

பெட்டியை வோர்ட்டாதான் திறப்பார். சிப்பாய்கள் வரிசையாக நிற்பார்கள். 'முதல்வன்' என்ற பட்டம் உள்ள தலைமைச் சிப்பாயிடம், "உன் ஆட்களின் விசுவாசத்துக்கு நீ உறுதி சொல்வாயா?" என்று வோர்ட்டா கேட்பார். சாகும்வரை ஃபவுண்டர்களுக்கே விசுவாசம் என்று அவன் சொல்ல வேண்டும். அப்புறம் ஃபவுண்டர்களின் வெகுமதி என்று சொல்லிக் குப்பிகளைக் கொடுப்பார். முதல்வன் அவற்றை வாங்கி ஒவ்வொருவனாகக் கொடுப்பான். அவர்கள் குப்பியைப் பொருத்திக்கொள்வார்கள், வெள்ளைத் திரவம் கழுத்துக் குழாயில் ஏறும்.

பார்க்கும்போது கோயிலில் தீர்த்தம் வாங்குகிற பவ்யம் இருக்கும். ரேஷன் கடை வரிசையும் ஞாபகத்துக்கு வரும். இரண்டும் ஒன்றாகவே வர வேண்டும் என்பதுதான் எழுதியவர்களின் எண்ணம் என்று தோன்றுகிறது. பட்டினியைக் காட்டி மிரட்டுவதை 'வெகுமதி' என்று பெயர் மாற்றிச் சொல்லுகிற இடம் அது.

ஒயிட் இல்லாமல் ஒரு ஜெம்ஹடாரால் வாழ முடியுமா?

ஒரே ஒருவனால் முடிந்தது. 1995-இல் வந்த 'ஹிப்போக்ரடிக் ஓத்' எபிசோடில் கோரன் அகார் என்றொரு முதல்வன். முன்பு ஒரு கிரகத்தில் தனியாகச் சிக்கி, ஒயிட் தீர்ந்தும் சாகாமல் பிழைத்தவன். அந்தக் கிரகத்தில் ஏதோ மகிமை இருக்கிறது, தன் ஆட்களும் அங்கே வந்தால் விடுபடுவார்கள் என்று நம்பி எல்லாரையும் கூட்டிவருகிறான். எதிர்த்தரப்பான தொடரின் நாயகர்களில் டாக்டர் பஷீரும் பொறியாளர் ஓ'பிரயனும் அவனிடம் கைதாகிறார்கள். பஷீருக்கு அவன்மேல் இரக்கம். மருந்து கண்டுபிடிக்க உட்கார்ந்துவிடுகிறார். ஆராய்ந்து பார்த்தால் கிரகத்தில் ஒன்றும் இல்லை. கோரன் அகாரின் உடம்பு மட்டும் பிறவியிலேயே மாறுபட்டது. மற்றவர்களுக்கு அந்த யோகம் இல்லை.

கட்டவிழ்த்துவிட்ட ஜெம்ஹடார் இன்னும் ஆபத்தானவர்கள் என்பது ஓ'பிரயனின் கட்சி. நண்பன் கண்ணெதிரே அந்த ஆராய்ச்சியையே சுட்டு நாசமாக்குகிறார். முடிவில் கோரன் அகார் இவர்களைத் தப்பவிட்டு, தான் மட்டும் அங்கேயே இருந்துவிடுகிறான். ஒயிட் தீர்ந்து துடித்துச் சாவதற்குள் தன் ஆட்களைத் தன் கையாலேயே கொல்வதற்காக. இரு நண்பர்களில் யார் பக்கம் நியாயம் என்று தொடர் தீர்ப்புச் சொல்லவே இல்லை. நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு முறை பஷீர் பக்கம், மூன்றாம் முறை தடுமாற்றம்.

ஒயிட் தீர்ந்தால் என்ன ஆகும்?

முதலில் எதிரியைக் கொல்வார்கள், அப்புறம் வோர்ட்டாவை, கடைசியில் ஒருவரையொருவர். இதை வைத்து எழுதப்பட்டதுதான் 1997-இல் வந்த 'ராக்ஸ் அண்ட் ஷோல்ஸ்', ஆறாவது சீசனின் இரண்டாம் எபிசோடு. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் பார்ப்பேன் என்கிறவர்கள் இதைப் பாருங்கள்.

அதற்கு முந்தைய எபிசோடில், பிடித்துவைத்திருந்த ஜெம்ஹடார் கப்பல் ஒன்றில் ஏறிப்போய் ஒரு பெரிய ஒயிட் கிடங்கைத் தகர்க்கிறார் தொடரின் நாயகனான கேப்டன் சிஸ்கோ. தப்பும்போது கப்பல் அடிபட்டு ஒரு வறண்ட கிரகத்தில் விழுகிறது. அங்கே ஏற்கெனவே ஒரு ஜெம்ஹடார் கூட்டமும் விழுந்துகிடக்கிறது. அவர்களுடைய வோர்ட்டா கீவனுக்கு வயிற்றில் பலத்த காயம். முதல்வனும் இரண்டாமவனும் செத்துவிட்டார்கள். மூன்றாமவனான ரெமாட்டா க்ளான் படையை நடத்துகிறான். அவனை முதல்வனாக உயர்த்தக்கூட கீவனுக்கு மனம் வரவில்லை.

கையில் ஒரே ஒரு குப்பி ஒயிட். இது கீவனுக்கு மட்டும்தான் தெரியும். சிஸ்கோவின் டாக்டரை வரவழைத்துத் தன் காயத்துக்குச் சிகிச்சை செய்துகொள்கிறான். பிறகு மிக நிதானமாக ஒரு வியாபாரம் பேசுகிறான். "நாளை என் ஆட்களை உங்கள்மேல் ஏவுவேன். எந்த வழியாக வருவார்கள், எங்கே நிற்பார்கள், எல்லாம் இதில் இருக்கிறது. அவர்களைக் கொன்றுவிடுங்கள். நான் சரணடைகிறேன்" என்பதுதான் அவன் பேச்சின் சாரம். சிஸ்கோவுக்கு வேறு வழியில்லை. கொல்லாவிட்டால் இவர்கள் சாக வேண்டும்.

மறுநாள் மேட்டின்மேல் துப்பாக்கியோடு படுத்திருக்கும் சிஸ்கோ, கடைசி நிமிடத்தில் மனம் கேட்காமல் எழுந்து ரெமாட்டா க்ளானைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்கிறார். உன் வோர்ட்டா உன்னை விற்றுவிட்டான், சரணடைந்துவிடு, உயிரோடு இரு. ரெமாட்டா க்ளான் அதிர்ச்சியே அடைவதில்லை. அவனுக்கு அது முன்பே தெரியும். இந்த உயிர் விட்டுக்கொடுக்க என்னுடையது அல்ல, என்றைக்குமே என்னுடையதாக இருந்ததில்லை என்கிறான். அப்புறம் சுடுகிறார்கள். எல்லாம் முடிந்தபின் கீவன் சாவகாசமாக நடந்து வருவான்.

இந்தக் காட்சியில் மருந்து எங்கே வேலை செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒயிட் கட்டிப்போட்டது உடம்பை. ரெமாட்டா க்ளானைக் கட்டியிருப்பது வேறு ஏதோ. கயிறை அவிழ்த்தாலும் மாடு செக்கைச் சுற்றியே நடப்பது மாதிரி.

கயிறு பிடித்தவர்களுக்கு இதனால் ஆபத்தே இல்லையா?

உண்டு. சப்ளை அறுந்தால் மொத்தப் படையும் பகையாகும். போரின்போது, டொமினியனிலிருந்து சரக்கு வரும் குறுக்குவழியான விண்துளையின் வாயில் கண்ணிவெடிகளால் அடைக்கப்பட்டதும் டொமினியனுக்கு இந்த நெருக்கடி வருகிறது. கூட்டாளியான கார்டாசியத் தலைவன் டுகாட்டின் உதவியாளன் டமார், ஒயிட் தீர்கிற நிலை வந்தால் கடைசிப் பங்கில் விஷம் கலந்து ஜெம்ஹடாரைத் தீர்த்துவிடலாம் என்று ஒரு குறிப்பே தயாரித்து வைத்திருப்பான். அந்தக் குறிப்பு ஜெம்ஹடார் கண்ணில் படும்படி எதிர்ப்புக் குழுவினர் செய்துவிட, மதுக்கடையில் கைகலப்பு வெடிக்கும். 'பிஹைண்ட் த லைன்ஸ்', 1997.

ஸ்டார் ட்ரெக்கில் இதற்கு முன்னால் இந்தப் பேச்சு வந்ததுண்டா?

நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரின் முதல் எபிசோடிலேயே வந்துவிட்டது, 1987-இல். மனிதகுலத்தைக் குற்றக்கூண்டில் ஏற்ற வரும், சர்வ வல்லமை படைத்த வேற்றுலகப் பிறவியான க்யூ, ஒவ்வொரு காலத்து ராணுவ உடையிலும் தோன்றிக் காட்டுவார். அதில் ஒன்று 21-ஆம் நூற்றாண்டுச் சிப்பாய். நெஞ்சிலேயே மருந்துக் குழாய் மாட்டியிருக்கும், உறிஞ்சிக்கொண்டே பேசுவார். ராணுவத்தை மருந்தால் கட்டுப்படுத்தக் கற்றுக்கொண்டீர்களே என்று குத்திக்காட்டுவார்.

1990-இல் வந்த 'த ஹண்டட்' இன்னும் ஆழமானது. அங்கோசியா என்ற கிரகம் தன் சாதாரண இளைஞர்களை ரசாயனத்தாலும் மனப்பயிற்சியாலும் கொலைக்கருவிகளாக மாற்றுகிறது. போர் முடிந்ததும் இவர்கள் ஊருக்குள் இருக்க லாயக்கில்லை என்று நிலவில் ஒரு குடியிருப்பில் அடைத்துவிடுகிறது. வசதிக்குக் குறைவில்லை, வெளியேற மட்டும் முடியாது. தப்பிவரும் ரோகா டனார் ஒரு கணக்குச் சொல்வான். கூர்மையாக்கப்பட்ட அனிச்சைச் செயல்களால் 84 பேரைக் கொன்றேன், கூர்மையாக்கப்பட்ட ஞாபகசக்தியால் அந்த 84 முகங்களும் மறக்கவில்லை. வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை நினைத்து எழுதிய கதை என்பது சொல்லாமலே விளங்கும்.

மருந்தே விடுதலையாக வரும் கதை ஏதாவது உண்டா?

ஸ்டார்கேட் எஸ்ஜி-1. அதில் ஜாஃபா என்ற போர்வீரர்களின் வயிற்றுப் பையில் கோவாவுல்ட் என்ற ஒட்டுண்ணியின் குஞ்சு வளரும். நோயெதிர்ப்பு சக்தி முழுக்க அதன் கையில். எடுத்துவிட்டால் ஆள் காலி. இதுவும் மூக்கணாங்கயிறுதான், உயிருள்ள கயிறு. 2002-இல் 'க்யூர்' எபிசோடில் ட்ரெட்டோனின் என்ற மருந்து வருகிறது. எந்த நோயும் அண்டாது, ஆனால் எடுக்க ஆரம்பித்தவரின் இயற்கையான நோயெதிர்ப்பு போய்விடும், நிறுத்தினால் மரணம். அங்கே அது சாபம். அதையே கொஞ்சம் மாற்றி ஜாஃபாவுக்குக் கொடுத்தபோது ஒட்டுண்ணி இல்லாமலே வாழ வழி பிறந்தது. தொடரின் ஜாஃபா நாயகன் டீல்க் முதல்முதலாக ட்ரெட்டோனினுக்கு மாறும் 'த சேஞ்ச்லிங்' எபிசோடை எழுதியவர், டீல்க்காக நடித்த கிறிஸ்டோபர் ஜட்ஜேதான்.

தினமும் ஊசி போட்டுக்கொள்கிறவன் சுதந்திரமானவனா என்று கேட்கலாம். இன்சுலின் போடுகிற எங்கள் சித்தப்பாவிடம் கேட்டால் சிரிப்பார். மருந்தைச் சார்ந்திருப்பது வேறு, மருந்து கொடுக்கிறவனுக்கு அடிமையாவது வேறு.

ஸ்டார்கேட் அட்லாண்டிஸில் ஃபோர்டுக்கு என்ன ஆனது?

லெப்டினன்ட் ஏய்டன் ஃபோர்டு, அமெரிக்க மரீன். ரெய்த் என்ற உயிர்க்கொல்லி இனம், மனிதனின் உயிரை உறிஞ்சும்போது அவன் சட்டென்று செத்துவிடாமல் இருக்க ஒரு நொதியைச் செலுத்தும். ஒரு ரெய்த் அவனை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே குண்டு வெடித்து இருவரும் கடலில் விழ, அந்த நொதி அளவுக்கு மீறி அவன் உடம்பில் ஏறிவிடுகிறது. பலம் பல மடங்கு, ஒரு கண் கறுத்துவிட்டது, மனநிலை தடம் புரண்டுவிட்டது. டாக்டர் படிப்படியாகக் குறைக்கப் பார்க்கிறார். இவனோ மருந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய், பின்னால் அதே மருந்தில் ஒரு கும்பலே சேர்க்கிறான். எல்லாரும் அதை எடுத்துக்கொண்டால் ஜெயித்துவிடலாம் என்று அவன் மனதார நம்புவதுதான் பரிதாபம். இங்கே கயிறை யாரும் போடவில்லை, தானே மாட்டிக்கொண்டு அதை மாலை என்கிறான். நல்ல கதைக்கரு, ஆனால் தொடர் அதைப் பாதியிலேயே விட்டுவிட்டது.

பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவின் விமானிகள் எடுப்பது என்ன?

'ஸ்டிம்ஸ்' என்கிற ஊக்க மாத்திரை. மேலே சொன்ன எல்லாவற்றையும்விட நிஜத்துக்குப் பக்கத்தில் இருப்பது இதுதான். எபிசோடின் பெயர் '33'. 2004-இல் பிரிட்டனில் முதலில் ஒளிபரப்பாகி, 2005-இல் ஹியூகோ விருது வாங்கியது. எழுதியவர் ரொனால்ட் டி. மூர். 'ராக்ஸ் அண்ட் ஷோல்ஸ்' எழுதியவரும் இவரே.

தப்பியோடும் மனிதக் கப்பல்களை, மனித உருவிலும் உலவும் இயந்திர இனமான சைலன்கள் சரியாக 33 நிமிடத்துக்கு ஒருமுறை தாக்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் தாவிக் குதித்து வேறிடம் போக வேண்டும். கதை தொடங்கும்போது 237 தடவை முடிந்துவிட்டது. பெருக்கிப் பாருங்கள்: 7,821 நிமிடம், 130 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஐந்து நாளுக்கு மேல் யாரும் தூங்கவில்லை. தாடி வளர்ந்த முகங்கள், சிவந்த கண்கள், ஒரே வாக்கியத்தை இரண்டு முறை சொல்லும் அதிகாரிகள். விமானி ஷரோன் மட்டும் தெளிவாக இருக்கிறாளே, நீ சைலனோ என்று கூட இருப்பவன் கிண்டல் செய்வான். அந்தக் கிண்டல் எவ்வளவு பெரிய உண்மை என்பது அவளுக்கே தெரியாது.

மாத்திரையை விழுங்க மாட்டேன் என்கிறாள் விமானி ஸ்டார்பக். விழுங்கு என்கிறான் இன்னொரு விமானி அப்பல்லோ. இருவரும் நண்பர்கள், ஆனால் அவன்தான் இப்போது மேலதிகாரி. உத்தரவு போட வேண்டியவன் தயங்கித் தயங்கிப் பேசுகிறான். அவளோ, நாம் இதை விவாதித்துக்கொண்டிருப்பதே தப்பு என்று அவனையே திட்டுகிறாள். இந்தச் சண்டை எனக்கு மிகவும் பிடித்தது. இங்கே பெட்டி எதிரியிடமோ கொடுங்கோலனிடமோ இல்லை, நண்பனின் கையில் இருக்கிறது. கொடுக்காவிட்டால் அவள் செத்துவிடுவாள் என்ற அக்கறையில்தான் அவன் நீட்டுகிறான்.

கடைசியில் இந்த இருவரும்தான், 1,345 பேர் பயணித்த ஒலிம்பிக் கேரியர் என்ற சிவிலியன் கப்பலைச் சுட வேண்டிவருகிறது. உள்ளே ஆள் இருந்தார்களா, எதிரியின் சூழ்ச்சியா? தூங்காத கண்ணோடு எடுத்த முடிவு. இரண்டாம் சீசனின் 'ஃபைனல் கட்' எபிசோடில் கேட் என்ற விமானி இதே மாத்திரைக்கு அடிமையாகித் தடுமாறுவதையும் பார்க்கலாம்.

நிஜ ராணுவங்கள் இப்படிச் செய்ததுண்டா?

தாராளமாக. ஜெர்மனியின் டெம்லர் நிறுவனம் 1930-களின் இறுதியில் பெர்விட்டின் என்ற மாத்திரையைக் கடைகளில் விற்றது. அது மெத்தாம்ஃபெட்டமின் என்ற கடுமையான ஊக்கப்போதை. 1940 ஏப்ரல் முதல் ஜூலை வரை மட்டும், பெர்விட்டினும் அதன் இன்னொரு வடிவமும் சேர்த்து, 3 மில்லிகிராம் மாத்திரைகள் மூன்றரைக் கோடி ஜெர்மன் படைகளுக்குப் போயின. பிரான்ஸ்மேல் படையெடுத்த காலம் அது. பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளர் ஹைன்ரிஷ் போல், அப்போது சாதாரணச் சிப்பாய். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் பெர்விட்டின் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார். 1941-இல் அதை ஜெர்மன் அரசே போதைப்பொருள் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது, ஆனாலும் படையில் அதன் புழக்கம் நின்றுவிடவில்லை.

நேச நாடுகள் மட்டும் யோக்கியமா? பிரிட்டனும் அமெரிக்காவும் பென்செட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் மாத்திரை கொடுத்தன. ஜப்பானில் மெத்தாம்ஃபெட்டமின் பிலோபான் என்ற பெயரில் புழங்கியது. போருக்குப்பின் அது ஊருக்குள் பரவி, 1951-இல் தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

ஒரு தனிக்கதை. 1944 மார்ச்சில் பின்லாந்து வீரர் ஐமோ கொய்வுனென், சோவியத் படை துரத்த, பனிச்சறுக்குக் கட்டையில் தப்பியோடினார். மொத்தக் குழுவுக்குமான பெர்விட்டின் அவரிடம் இருந்தது. கையுறை போட்ட விரலால் ஒரு மாத்திரையைத் தனியாக எடுக்க முடியவில்லை. முப்பதையும் வாயில் கொட்டிக்கொண்டார். பிரமை, மயக்கம், பசி, கண்ணிவெடிக் காயம், எல்லாம் தாண்டி மீட்கப்பட்டபோது எடை 43 கிலோ. 1989 வரை வாழ்ந்தார். இதைத் தொடரில் வைத்திருந்தால் 'ரீல் விடுகிறார்கள்' என்றிருப்போம்.

'33' மாதிரி ஒரு விபத்து நிஜத்தில் நடந்திருக்கிறதா?

அப்படியே அல்ல, ஆனால் அந்தத் தொடர் வந்த காலத்தில் அமெரிக்காவில் பலருக்கு ஞாபகம் வந்திருக்கக்கூடிய ஒன்று உண்டு. 2002 ஏப்ரல் 17 இரவு, ஆப்கானிஸ்தானில் கந்தஹார் அருகே, பயிற்சியில் சுட்டுக்கொண்டிருந்த கனடா வீரர்களை எதிரி என்று நினைத்து ஓர் அமெரிக்க எஃப்-16 விமானம் குண்டு போட்டது. நான்கு பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் காயப்பட்டார்கள். விமானப்படை கொடுத்த 'கோ பில்' என்ற டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின் மாத்திரை விமானிகளின் கணிப்பைக் கெடுத்திருக்கலாம் என்று அவர்களின் வக்கீல்கள் வாதாடினார்கள். விமானப்படை அதை ஏற்கவில்லை.

இந்த மாத்திரைகள் தூக்கத்தை விரட்டும், தூக்கத்தின் தேவையை விரட்டாது. வட்டிக்கு வாங்கிய விழிப்பு. இரவு ஷிப்ட்டில் ஐந்தாவது டீ குடித்தவர்களுக்கு அதன் சின்ன வடிவம் தெரியும்.

சூப்பர் சிப்பாய் சீரம் கதைகளும் இதில் சேருமா?

பெரும்பாலும் சேராது. ஒரு ஊசி போட்டால் வாழ்நாள் முழுக்கப் பலம் என்றால் கயிறே இல்லை. விதிவிலக்கு 2015-இல் வந்த ஜெசிகா ஜோன்ஸ். அதில் சிம்ப்சன் என்ற முன்னாள் சிப்பாய்க்கு மூன்று நிற மாத்திரை: சிவப்பு ஏற்றிவிட, வெள்ளை நிதானத்துக்கு, நீலம் இறக்கிவிட. நீலத்தை மறந்தால் என்ன நடக்கும் என்று கேட்க வேண்டாம். அமெரிக்கக் கொடியின் நிறங்கள் என்பதையும் கவனியுங்கள்.

தி எக்ஸ்பேன்ஸில் ஊசி போடுகிறார்களே?

அது வேறு சங்கதி. 'ஜூஸ்' என்பார்கள். கப்பல் பயங்கர வேகத்தில் முடுக்கும்போது ரத்த ஓட்டம் நின்றுபோகாமல் காப்பாற்றும் மருந்துக் கலவை. சிப்பாய், சரக்குக் கப்பல்காரன் எல்லாருக்கும் நாற்காலியிலிருந்தே ஊசி இறங்கும்.

தமிழில் ஏதாவது?

தொடராக எதுவும் என் நினைவில் இல்லை. சினிமாவில் 2016-இல் வந்த 'இரு முகன்' உண்டு. உறிஞ்சினால் ஐந்து நிமிடத்துக்கு அசுர பலம் தரும் 'ஸ்பீட்' என்ற இன்ஹேலர், அதன் வேரை ஹிட்லர் காலத்துச் சிப்பாய்கள்வரை கொண்டுபோவார்கள். மலேசிய இந்தியத் தூதரகத்தில் ஒரு முதியவர் புகுந்து அடிக்கும் தொடக்கக் காட்சி எனக்குப் பிடிக்கும். பெர்விட்டின் வரலாறு தெரிந்தபின் அந்த ஹிட்லர் பகுதி முழுக் கற்பனையாகத் தோன்றாது.

சரி, எந்த வரிசையில் பார்ப்பது?

நேரம் குறைவென்றால் '33'. முன்கதையாக மூன்று மணி நேரக் குறுந்தொடர் ஒன்று உண்டு, அதை முதலில் முடித்துவிடுங்கள். அடுத்து 'த ஹண்டட்', எந்த முன்கதையும் தேவையில்லை. டீப் ஸ்பேஸ் நைனில் 'ஹிப்போக்ரடிக் ஓத்', அப்புறம் ஆறாம் சீசனின் முதல் இரண்டு எபிசோடுகளை ஒரே மூச்சில். தூங்கப் போகும் நேரத்தில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள், '33' பார்த்த அன்று எனக்கு விடிகாலை மூன்று மணி ஆகிவிட்டது.